எறையூரிலிருந்து திரும்பும் வெறும் வண்டி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில், கீழே போட்டோ ஸ்டுடியோவும் மேலே கம்ப்யூட்டர் சென்டருமாக ஒரு கட்டடம் இருந்தது. அந்த மாடியில் எட்டு வருஷம் பாடம் நடத்தியவள் பூவிழி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர். முந்திரிக் காடும் கொஞ்சம் நஞ்சையும் இருந்த குடும்பம். அப்பா போன பிறகு எல்லாம் அண்ணன் கைக்கு வந்தது. அரியலூரில் கணக்குப் படித்து, அப்புறம் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்து, 1998-ல் இந்த மாடிக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"ஒரு வருசம் போயிட்டு வா. அதுக்குள்ள மாப்பிள்ளை பாத்துடுவோம்" என்று சொல்லித்தான் அண்ணன் பஸ் ஏற்றிவிட்டான். மாப்பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவர் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை. இன்னொருவர் வீட்டில் பெண் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. மூன்றாவது இடம் நிச்சயதார்த்தம் வரை வந்தது, புடவைகூட எடுத்தாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவளும் எடுப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனால் அண்ணி நல்ல தட்டில் சோறு போட்டு, விருந்தாளியைக் கேட்பது போல "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்பாள்.

வெங்கடேசபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வகுப்பு கலைந்ததும் அவள் பேச்சும் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு வரும்வரை, பால் கடையில் "அரை லிட்டர்" என்பதைத் தவிர வேறு ஒரு சொல்லும் வாயிலிருந்து வராத வாரங்கள் உண்டு. திங்கட்கிழமை "குட் மார்னிங்" சொல்லும்போது தொண்டை கரகரக்கும். பிள்ளைகள் மேடத்துக்குச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

2002 மார்கழியில் ஒரு நாள், வகுப்பு முடிந்த பிறகு மூன்று நான்கு பேர் உட்கார்ந்து கார்ப் பந்தய விளையாட்டில் மூழ்கியிருந்தார்கள். ஏதோ சீமையில் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு தேங்காத ரோடு. கெட்டுப்போன ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு கலைச்செல்வன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். குரும்பலூர்க்காரன். பாலிடெக்னிக் படித்துவிட்டு, ஊர் முழுக்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். சட்டைப் பையில் எப்போதும் திருகாணிகள் குலுங்கும், வாயும் ஓயாது.

"எவன் ஊரு ரோட்டுலயோ என்னா வெரட்டு வெரட்டுறானுவ பாருங்க மேடம். இவனுவள ஒருநா எங்க ஊர்லேருந்து எறையூர் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டச் சொல்லணும். அப்ப தெரியும் சேதி."

பூவிழி கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "ஓட்ட வெச்சுட்டாப் போச்சு" என்றாள்.

"என்னாது?"

"நாமளே செஞ்சுடலாம்ங்கறேன். உள்ள இருக்கறது கணக்குதானே. பாரம், வேகம், பள்ளம்."

அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லுகிற ஆள் இல்லை அவள். சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கலைச்செல்வன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு மாடிப்படி வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, "பரிமளா! கொஞ்சம் மேல வந்துட்டுப் போ" என்று கத்தினான்.

பரிமளா கீழே ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெண். தினமும் சிறுவாச்சூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளைக்குப் பரு எடுப்பது, பொண்ணுக்கு வெள்ளையடிப்பது, இருவருக்கும் பின்னால் ஊட்டிப் பூங்காவைக் கொண்டுவந்து நிறுத்துவது எல்லாம் அவள் கை. விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை.

"டிராக்டர் பக்கவாட்டுல தெரியணுமா, மேலேருந்து தெரியணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு மூன்று பேராக ஆகிவிட்டார்கள்.

சென்டர் முதலாளி நல்லதம்பி தாராள மனசுக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கிற இடம்தானே என்று சாவியைக் கொடுத்தார். "ரெண்டு மிஷினை மட்டும் போட்டுக்கங்க. போறப்ப பெருக்கி வெச்சுட்டுப் போங்க" என்றார். ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் கூடுவார்கள். சாயங்காலம் பரிமளாவின் பஸ் நேரத்துக்குக் கலைவார்கள். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று.

விளையாட்டுக்குப் "பாரம்" என்று பெயர் வைத்தார்கள். குரும்பலூரில் வெட்டிய கரும்பை டிராக்டரில் ஏற்றி, பெரம்பலூர் நாலு ரோடு வழியாக எறையூர் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேகமாகப் போனால் பள்ளத்தில் குலுங்கிக் கரும்பு சரியும். மெதுவாகப் போனால் வெயிலில் காய்ந்து எடை குறையும். நடுவில் ஆட்டு மந்தை குறுக்கே வரும், பெரிய ரோட்டில் வெளியூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போகும். அவ்வளவுதான் ஆட்டம்.

ரோட்டை அளப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் நோட்டுப் புத்தகத்தோடு டவுன் பஸ்ஸில் போனார்கள். கலைச்செல்வன் ஜன்னலில் தலையை நீட்டி "பள்ளம்! இடதுபக்கம்!" என்று கத்துவான். பூவிழி எழுதிக்கொள்வாள். பரிமளா மரங்களைக் கோட்டோவியமாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கண்டக்டர் இவர்களை ரோடு ஆபீஸிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து, "எழுதுங்கம்மா, நல்லா எழுதுங்க, இந்த எடத்துல போன வாரம்கூட ஒரு வண்டி கவுந்துச்சு" என்று உற்சாகப்படுத்தினார். மொத்தம் நாற்பத்தொரு பள்ளம் தேறியது. எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பார்த்தபோது ஆலை வாசலை எவராலும் எட்ட முடியவில்லை. பாதியை அடைத்தார்கள். "கவர்மென்ட்டு செய்யாதத நாம செஞ்சுட்டோம்" என்றான் கலைச்செல்வன்.

பரிமளா மௌஸால் புள்ளி புள்ளியாக வைத்து வரைவாள். ஒரு பனைமரத்துக்கு ஒரு ஞாயிறு. பூத்து நிற்கிற கரும்புக் கொல்லைக்கு இரண்டு ஞாயிறு. முதலில் படம் ஓடும்போது திரை நடுங்கியது. பார்த்தால் கண் வலிக்கும். ஐந்து மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கலைச்செல்வன் வழி கண்டுபிடித்தான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் படம் முழுவதையும் வரைந்து முடித்து, ஒரே தட்டில் திரைக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு டிராக்டர் நடுக்கமில்லாமல் நாலு ரோட்டைக் கடந்தபோது மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பரிமளா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை அன்று நின்றபடியே, திரையைப் பார்த்தபடியே தின்றார்கள். பூவிழிக்குத் திங்கட்கிழமைகளில் தொண்டை கரகரப்பது நின்றுபோயிருந்தது. அதை அவள் கவனித்தது ரொம்பப் பின்னால்தான்.

2004 வைகாசியில் பரிமளாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்றவள், பரிசு கொடுக்க மேடையேறிய பூவிழியின் கையில் பத்திரிகைக் கவர் ஒன்றைத் திணித்தாள். உள்ளே ஒரு சி.டி.

"எல்லாம் இதுல இருக்குக்கா. ஆலை வாசல் பாதியில நிக்குது. சாயங்காலம் மட்டும் வரையவே இல்ல. மன்னிச்சுக்கங்க."

"போடி, கல்யாணத்தன்னிக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு" என்றாள் பூவிழி. பின்னால் நின்றவர்கள் நெருக்கியதால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

மிஞ்சிய இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. ஆனால் ஐப்பசியில் கலைச்செல்வனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எதிர்பார்த்துக் கிடந்த வேலை. கிடைத்த மூன்றாம் நாள் கிளம்ப வேண்டும். பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் மாசி மாதம் கண்காட்சி நடக்க இருந்தது, வெளியாட்களும் கடை போடலாம் என்று அறிவிப்பு. அந்த விண்ணப்பத்தை மூன்று பேர் பெயரும் போட்டு அவனே நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

"ஆலை வாசல் புரோகிராமை நான் எழுதி மெயில்ல அனுப்பிடறேன் மேடம். நீங்க ஒட்டிக்கிட்டாப் போதும். கண்காட்சிக்கு நான் வராம இருப்பனா?" என்றான்.

பூவிழி ஒவ்வொரு ஞாயிறும் பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். லாட்டரி விழுந்திருக்கிறது என்று எவரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருப்பார். கலைச்செல்வன் எழுதவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால், "இந்த வாரம் முடிச்சிடறேன் மேடம், இங்க பெண்டு நிமுருது" என்பான். அது பொய்யில்லை என்று அவன் குரலே சொல்லும். மார்கழி பிறந்ததும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டுத் தானே எழுத உட்கார்ந்தாள்.

அந்த மாடியில் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்வது தன் அறையில் தனியாக இருப்பதைவிடக் கடினமாக இருந்தது. அறையில் யாரும் எப்போதும் இருந்ததில்லை. இங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. முதல் வாரமே அவற்றை அடுத்த அறைக்கு நகர்த்திப் போட்டாள்.

பரிமளா வரைந்து விட்டிருந்த பாதி வாசலையே திருப்பிப் போட்டு மறுபாதியாக்கிக்கொண்டாள். ஆலை வாசல் மூன்று வாரத்தில் எழுந்தது. வண்டி உள்ளே போகும், பாரம் இறங்கும், எத்தனை டன் என்று திரையில் எழுத்து வரும். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது, எழுத்து வந்து மறைந்த பிறகு, வண்டி நிற்கவில்லை. பாதைக் கணக்கில் அவள் ஒரு மைனஸ் குறியைத் தவறிப் போட்டிருந்தாள். ஏறிக்கொண்டே போன எண் இறங்க ஆரம்பித்தது. டிராக்டர் பின்பக்கமாகவே வந்த வழியில் உருண்டு போனது.

சிரித்துக்கொண்டே நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனவள் நிறுத்தாமல் இருந்தாள். பாரம் இல்லாததால் சரிவதற்கு ஒன்றும் இல்லை. பள்ளங்கள் அவற்றின் பாட்டுக்கு வந்து போயின. எடை காட்டும் இடத்தில் பூஜ்யம் அசையாமல் நின்றது. மரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலு நிமிஷம் கழித்து வண்டி குரும்பலூரில் போய் முட்டி நின்றது. அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டி, அந்த நாலு நிமிஷத்துக்காகவே இன்னொரு தடவை பார்த்தாள்.

பிறகு வண்டியின் படத்தைத் திருப்பிப் போட்டாள். திரும்புகிற நேரம் சாயங்காலமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் வரைய ஆள் இல்லை. அவள் வரைந்தால் பனைமரம் துடைப்பம் மாதிரி இருக்கும். ஆகவே கணக்கையே கையிலெடுத்தாள். பரிமளா வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாள். நீலத்தை மட்டும் மெதுவாகக் கழித்தாள். நாலு ரோடு வருவதற்குள் திரையில் பொழுது சாய்ந்துவிட்டது.

அடுத்த தடவை போனில் இதைச் சொன்னதும் கலைச்செல்வன், "என்னா மேடம் இது?" என்றான். "பாரம் எறங்கினா ஆட்டம் முடிஞ்சிது. அதுக்கப்புறம் எவன் ஒக்காந்திருப்பான்? எடுத்துடுங்க."

"எடுக்கல கலை."

"பாக்கறவங்க கோளாறுன்னு நெனப்பாங்க."

"நெனச்சுக்கட்டும்."

இரண்டு வருஷத்தில் அவன் ஒன்று சொல்லி அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை. பூத்துக் கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "போன வண்டி திரும்பி வந்துதானே ஆவணும்" என்றாள். பிறகு, "கண்காட்சிக்கு நீ வர்றேல்ல?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா. வெள்ளிக்கிழமை பஸ் ஏறிடுவேன்."

கண்காட்சி சனியும் ஞாயிறுமாக இரண்டு நாள். நல்லதம்பி ஒரு கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். சூரிய அடுப்புக்கும், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணியடிக்கிற கருவிக்கும் நடுவில் அவளுக்கு மேஜை. மற்ற மேஜைகளில் நாலைந்து பேர் ஒரே மாதிரிச் சட்டை போட்டு நின்றார்கள். ஒருவன் பேச, ஒருவன் இயக்க, ஒருவன் கூட்டம் சேர்த்தான். பூவிழி மூன்று வேலையும் செய்தாள். தண்ணீர் குடிக்கப் போனால் மேஜையை யார் பார்ப்பது என்று தாகத்தோடேயே நின்றாள். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் வாசலைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு ஒரு தடவை கலைச்செல்வன் மாதிரியே தோளைச் சாய்த்து நடக்கிற ஒருவன் வந்தான். பக்கத்தில் வந்ததும் வேறு ஆளாகிவிட்டான்.

கூட்டம் வராமல் இல்லை. "டேய், நாலு ரோடுடா!" என்று பையன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆடு குறுக்கே வந்தபோது ஆரவாரம் போட்டார்கள். ஆலை வந்து பாரம் இறங்கி எழுத்து வந்ததும் எழுந்துவிட்டார்கள். காலி நாற்காலிக்கு முன்னால் வண்டி திரும்பிப் போகத் தொடங்கும். அடுத்தவன் வந்து உட்கார்ந்து, "மேடம், முதல்லேருந்து போடுங்க" என்பான். அன்று முழுக்க ஒருவர்கூட சாயங்காலத்தைப் பார்க்கவில்லை.

மதியம் மதிப்பெண் போட மூன்று பேர் வந்தார்கள். அதில் மூத்தவர் விண்ணப்பத்தைப் பார்த்து, "இதை டெவலப் பண்ணவங்க எங்கம்மா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"மூணு பேர் இருக்கே."

"மத்த ரெண்டு பேரும் வெளியூர் போயிட்டாங்க சார்."

"அப்ப நீங்க இன்ச்சார்ஜா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தார். நன்றாகவே ஓட்டினார். பாரம் இறங்கி வண்டி திரும்பியதும், ஆட்டத்தை முடிக்க இரண்டு பொத்தானைத் தட்டிப் பார்த்தார்; முடியவில்லை. "ஹேங் ஆயிடுச்சு போல" என்று எழுந்து, தாளில் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். இல்லை சார் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் பக்கத்து மேஜையில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு மதியம், பரிசு மணியடிக்கிற தொட்டிக்கு என்று அறிவித்த பிறகு, கூட்டம் மேடைப் பக்கம் போய்விட்டது. அப்போது லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் மேஜை முன்னால் வந்து நின்றார். பந்தலுக்கும் நாற்காலிக்கும் டிராக்டர் கொண்டுவந்தவர். சாமான்களைத் திருப்பி ஏற்றுவதற்காகக் காத்திருந்தார். பெயர் தங்கராசு. ஐம்பது வயதிருக்கும்.

"இது எறையூர் ரோடுல்ல?" என்றார்.

"ஆமாங்க."

"இந்தப் பள்ளம் ஓடைப் பாலத்தாண்ட இருக்கறது."

"அதேதாங்க. ஒக்காருங்க, ஓட்டிப் பாருங்க."

அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் என்று அவள் காட்டினாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக்கொண்டு, உடம்பையே வலதும் இடதுமாகச் சாய்த்து ஓட்டினார். பள்ளத்துக்குப் பத்தடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். ஆலையில் பாரம் இறங்கியது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் எட்டிப் பார்த்து, "முடிஞ்சிருச்சுண்ணே, எந்திரிங்க" என்றான்.

"ஏன், வூட்டுக்குப் போவ வேணாமா?" என்றார் தங்கராசு.

பூவிழி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஓட்டிக்கொண்டு போனார். திரை மங்கிக்கொண்டே வந்தது. நாலு ரோடு தாண்டியதும் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டார். குரும்பலூர் வந்து வண்டி நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. நின்ற பிறகு அவளைப் பார்த்து, "எல்லாம் செரியா இருக்குதும்மா. சத்தந்தான் தப்பு" என்றார். "பாரத்தோட போற வண்டி மொனவும். வெறும் வண்டிதான் கத்தும். பலகை, சங்கிலி, பின்னு எல்லாம் ஆடுமில்ல? அர மைலுக்கு முன்னாடியே எம் பொண்டாட்டிக்குக் கேட்டுரும், அடுப்ப மூட்டிருவா. நீங்க திரும்பறப்பவும் பாரத்து சத்தத்தையே போட்டு வெச்சிருக்கீங்க."

அது உண்மைதான். கலைச்செல்வன் பதிவு செய்து கொடுத்த ஒரே ஒரு சத்தம்தான் அவளிடம் இருந்தது.

"நீங்க ஆலைக்கு வண்டி அடிக்கிறீங்களா?"

"சீசன்ல வேற என்னா வேல? வர ஞாயித்துக்கெழமை லோடு இருக்குது. வேணும்னா எறக்கிட்டுத் திரும்பறப்ப பிடிச்சுக்கங்க. மூணு மணிக்கு ஆலை முக்குல நில்லுங்க."

வருகிறேன் என்று சொல்கிறவர்களை நம்புவதை அவள் கிட்டத்தட்ட விட்டிருந்தாள். இருந்தாலும் அடுத்த ஞாயிறு நல்லதம்பியின் டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி எறையூரில் இறங்கி நின்றாள். மூன்று மணி தாண்டியது. மூன்றரையும் தாண்டியது. பாகு காய்கிற வாசனை காற்றில் வந்துகொண்டே இருந்தது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தங்கராசு வந்துவிட்டார். "ஆலையில வண்டி வரிசையா நிக்குது, நேரமாயிட்டுது" என்றார், அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தவர் போல.

"முன்னாடி என் பக்கத்துல ஒக்காந்துக்கங்கம்மா."

"இல்லீங்க, பின்னாடியே ஏறிக்கறேன். சத்தம் அங்கதான இருக்கு."

வெறும் டிரெய்லரில், பலகையோடு முதுகைச் சாய்த்து, மடியில் டேப் ரெக்கார்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் உலகமே கடகடவென்று ஆட ஆரம்பித்தது. பல்லோடு பல் மோதியது. சங்கிலி ஒரு பக்கம் அறைந்தது, பின்கதவு ஒரு பக்கம் அறைந்தது. எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன்கூடக் காதில் விழவில்லை. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, தான் பேசிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் வரல?" என்று கேட்டாள். கொஞ்சம் உரக்க, "ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா?" என்றாள். முதலில் கலைச்செல்வனைத்தான் கேட்டாள். பிறகு பரிமளாவை, அண்ணனை, வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பிய அந்த வீட்டை. கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. தங்கராசு திரும்பிப் பார்க்கவில்லை; ரோட்டோரம் நடந்தவர்களுக்கும் கேட்கவில்லை. நாலு ரோட்டில் இறங்கும்போது முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். "தூசி அதிகம்மா இந்த ரோட்டுல" என்றார் தங்கராசு. ஆமாங்க என்றாள்.

மறுவாரம் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்டபோது, கடகடப்புக்கு அடியில் ஒரு பெண் குரல் இருந்தது. சொல் புரியவில்லை. ஆனால் யாரோ யாரையோ கூப்பிடுவது புரிந்தது. அந்தக் குரல் ஆரம்பிப்பதற்கு முன்னால் பதினொரு விநாடி சுத்தமான சத்தம் கிடைத்தது. அதை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றிச் சுற்றி ஓட விட்டாள். மிச்சத்தை அழித்தாள். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள்.

முடிந்த விளையாட்டை இரண்டு சி.டி.யில் ஏற்றிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் கூரியரில் அனுப்பினாள். முகப்பில் மூன்று பெயரும் முன்பு போட்டபடியே இருந்தன. கலைச்செல்வன் ஒரு மாதம் கழித்து மெயில் எழுதினான். சூப்பர் மேடம், கடைசியில் கொஞ்சம் இழுக்குது, கண்காட்சிக்கு வர முடியாததுக்கு ஸாரி, அன்னிக்கு ஆபீஸில் விடவில்லை என்று நாலு வரி. அவள் பரவாயில்லை என்று ஒரு வரி எழுதினாள். பரவாயில்லை என்றுதான் அப்போது தோன்றியது.

பரிமளா ஆடி மாதம் சென்டர் நம்பருக்குப் போன் செய்தாள். வயிற்றில் மூணு மாசம். புருஷனுடைய கம்பெனி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தாளாம்.

"அக்கா, நான் சாயங்காலம் வரையவே இல்லியே. யாரு வரைஞ்சா?"

"யாரும் வரையல பரிமளா. நீ போட்ட பகலையே கொஞ்சங் கொஞ்சமா கொறைச்சேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடுவது கேட்டது. "வூட்டு ஞாபகம் வந்துடுச்சுக்கா" என்றாள் பிறகு. குழந்தை பிறந்ததும் சொல்வதாகச் சொன்னாள். சொல்லியிருப்பாள், அதற்குள் அந்த நம்பர் போய்விட்டது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்து, 2006 தொடக்கத்தில் நல்லதம்பி சென்டரை மூடிவிட்டு மேல்மாடியை ஜவுளிக் கடைக்கு விட்டார். "பாரம்" விளையாட்டை வாங்கவோ வெளியிடவோ யாரும் வரவில்லை. அவளும் யாரிடமும் கொண்டுபோகவில்லை.

பூவிழிக்கு அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டாள். சிமென்ட் லாரிகள் போய்வரும் தெரு. ஜன்னலைத் திறந்தால் மேஜையில் வெள்ளைத் தூள் படியும். முதல் தடவையாகத் தனக்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அந்த மேஜையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது விளையாட்டு ஒன்றை எழுத ஆரம்பித்தாள். சுண்ணாம்புக் குழியில் கிடைக்கிற கல்லான சங்குகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டுவார்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். அந்தக் கடலில் ஒரு சங்குப் பூச்சி நீந்திப் போக வேண்டும். கணக்கெல்லாம் வந்துவிட்டது. கடலை மட்டும் அவளுக்கு வரைய வரவில்லை. பகலைக் குறைத்துச் சாயங்காலம் செய்யலாம். ஒன்றும் இல்லாததைக் குறைத்து எதைச் செய்வது?

2007-ல் ஒரு நாள் வெள்ளைத் தாளில் எழுதி, ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தாள். "கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய, படம் வரையத் தெரிந்தவர் தேவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும். சம்பளம் இல்லை. மதியச் சாப்பாடு உண்டு." கீழே வீட்டு விலாசம். நூலகத்தில் இருந்த பாலசுந்தரம் சார் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு ஒட்டினார்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டாள். கேட் மூடும்போது தெருவில் நிற்கிற ஆட்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். கேட் திறந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

கார்த்திகை வந்தது. மழைச் சாரலில் தாள் ஓரம் சுருண்டு எழுத்து மங்கியிருந்தது. "ஒருத்தரும் கேக்கலியேம்மா. எடுத்துடட்டுமா?" என்றார் பாலசுந்தரம்.

"எடுத்துடுங்க சார்" என்றாள் பூவிழி. கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த புதுத் தாளை எடுத்து நீட்டினாள். "இதுல கொஞ்சம் பெருசா எழுதியிருக்கேன். வாசல் பக்கம் இருக்கற போர்டுல ஒட்டுங்களேன்."